இரண்டு குழாய் ஓடும் புது வீடு: வாங்கலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் செந்தூலில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கோலாலம்பூரின் தெற்குப் பக்கம் கட்டப்போகும் புது அடுக்குமாடியில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டியிருக்கிறோம். அங்கே கழிவுநீரைச் சுத்திகரித்து, தனிக் குழாயில் எல்லா வீட்டுக்கும் தருவார்களாம். கழிப்பறை, பூச்செடி, கார் கழுவுவது எல்லாம் அந்தத் தண்ணீரில்தான். "தண்ணீர்த் தடை வந்தாலும் உங்களுக்குக் கவலையே இல்லை" என்று விற்பனை அலுவலகத்துப் பெண் சொல்கிறார். 2020இல் பத்தாவது மாடிக்கு வாளி தூக்கியதை நினைத்தால் எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் மாமியார், "சாக்கடைத் தண்ணி ஓடுற வீட்ல சாமி எப்படி வைக்கிறது?" என்கிறார். மூன்று வயதுப் பிள்ளை வேறு இருக்கிறது. இது பாதுகாப்பானதா? தண்ணீர் பில் குறையுமா? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.
வாசகி, செந்தூல்

அன்புள்ள சகோதரி,

இந்த ஒரு காரணத்துக்காக அந்த வீட்டை விட்டுவிட வேண்டாம். அதேபோல, விற்பனைப் பெண் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை நம்பி வாங்கவும் வேண்டாம். நான் கழிவுநீர்ப் பொறியாளர். நிலையங்களை வடிவமைப்பதும், சரியாக ஓடாத நிலையங்களைப் போய்ப் பார்ப்பதும்தான் என் வேலை. இந்த மாதிரித் திட்டங்களில் சிக்கல் தண்ணீரால் வருவது குறைவு. யாரோ ஒரு பிளம்பர் குழாயை மாற்றிப் பூட்டிவிடுவதால் வரும். இல்லையென்றால், வீட்டைக் கட்டி விற்கும் மேம்பாட்டாளர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு நிலையத்தைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் போவதால் வரும். உங்களிடம் இருக்கும் இரண்டு வாரத்தை இந்த இரண்டு விஷயத்துக்கும் செலவழியுங்கள்.

மாமியாரின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வீட்டுக்குள் அதுதான் பெரிய கேள்வி, அவர் கேட்டதில் தப்பும் இல்லை. நாளைக்கு உங்கள் பக்கத்து வீட்டில் குடிவரும் முஸ்லிம் குடும்பமும் இதையேதான் கேட்கும். அவர்களுக்காவது ஒரு பதில் எழுத்தில் இருக்கிறது. கழிவுநீரை முழுமையாகச் சுத்திகரித்து, அதன் நிறம், மணம், சுவை எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் தொழுகைக்கு முன் கை கால் கழுவவும் அதைப் பயன்படுத்தலாம் என்று சவூதி அரேபியாவின் மூத்த மார்க்க அறிஞர்கள் அவை 1978இலேயே சொல்லிவிட்டது. நம் பக்கத்தில் அப்படித் தீர்ப்புச் சொல்ல ஒரு சபை கிடையாது. வீட்டுப் பெரியவர்கள்தான் சபை.

அவரிடம் லங்காட் ஆற்றைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். உலு லங்காட் மலையில் தெளிவாகப் புறப்படும் ஆறு காஜாங், பாங்கி வழியாக வருகிறது. அந்த ஊர்களின் கழிவுநீர் நிலையங்கள் வெளியேற்றும் தண்ணீர் அந்த ஆற்றிலும் அதன் கிளைகளிலும்தான் சேர்கிறது. அதற்குக் கீழே டெங்கில் பக்கத்தில் மறுபடியும் குடிநீருக்குத் தண்ணீர் எடுக்கிறோம். ஆற்றில் அம்மோனியா கூடிவிட்டது என்று லங்காட் குடிநீர் நிலையங்களை மூடிய செய்திகளை நீங்களே படித்திருப்பீர்கள். சட்டமும் இதைத் தெரிந்துகொண்டுதான் எழுதப்பட்டிருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கழிவுநீர் விதிமுறைகளில் ஏ தரம், பி தரம் என்று இரண்டு உண்டு. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே இருக்கும் நிலையங்கள் கடுமையான ஏ தரத்தை எட்ட வேண்டும், மற்றவற்றுக்கு பி தரம். அதாவது, சுத்திகரித்த கழிவுநீர் ஆற்றில் கலந்து, மறுபடி சுத்திகரிக்கப்பட்டு நம் சொம்புக்கு வருவது இன்றைக்குப் புதிதாக நடப்பதில்லை. நடுவில் ஆறு இருப்பதால் நமக்கு அது கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

ஆற்றை நடுவில் வைக்காமல் செய்த ஊர்களும் இருக்கின்றன. நமீபியாவின் தலைநகரான விண்ட்ஹூக் 1968இலிருந்து கழிவுநீரைச் சுத்திகரித்து நேரடியாகக் குடிநீரில் கலக்கிறது. அது வறண்ட பூமி, வேறு வழியில்லை. சிங்கப்பூரில் கழிவுநீரைச் சுத்திகரித்து எடுக்கும் நியூவாட்டர் உங்களுக்குத் தெரிந்ததுதான். 2003இலிருந்து நுண்வடிகட்டி, ஆர்.ஓ. சவ்வு, புற ஊதா ஒளி என்று மூன்று கட்டம் தாண்டி வருகிறது. அதில் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்குப் போகிறது, கொஞ்சம் நீர்த்தேக்கங்களில் சேர்கிறது. 2002 தேசிய தினக் கொண்டாட்டத்தில் தலைவர்களும் மக்களும் சேர்ந்து அந்தப் பாட்டிலைத் தூக்கிக் குடித்தார்கள்.

ஆனால் கொஞ்சம் பொறுங்கள். உங்கள் அடுக்குமாடியில் வரப்போவது நியூவாட்டர் இல்லை. விற்பனை அலுவலகத்தில் சிங்கப்பூர் பெயரைச் சொன்னால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்: "உங்கள் நிலையத்தில் ஆர்.ஓ. இருக்கிறதா?" அநேகமாக இருக்காது, கழிப்பறைக்கு அது தேவையும் இல்லை. பொதுவாக இருப்பது இவ்வளவுதான்: காற்றூட்டி நுண்ணுயிர்களைக் கொண்டு அழுக்கைத் தின்ன வைக்கும் தொட்டி, அதன் பின் ஒரு சவ்வு வடிகட்டி, புற ஊதா விளக்கு, கடைசியில் கொஞ்சம் குளோரின். இது ஒழுங்காக ஓடினால் கழிப்பறைக்கும் செடிக்கும் தாராளமாகப் போதும். ஆனால் இது குடிநீர் இல்லை. நல்லெண்ணத்தில்கூட யாரும் அதைக் குடிநீர் என்று சொல்ல விடாதீர்கள்.

"எங்கள் தண்ணீர் ஏ தரம்" என்று விளம்பரத் தாளில் போட்டிருந்தாலும் மயங்க வேண்டாம். ஏ தரம் என்பது ஆற்றில் விடுவதற்கான அளவுகோல். தண்ணீரில் எவ்வளவு அழுக்கு மிச்சம் என்று காட்டும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 20 மில்லிகிராம், மிதக்கும் துகள் 50 மில்லிகிராம், எண்ணெய்ப் பசை 5 மில்லிகிராம் என்று போகும் அந்தப் பட்டியலில் கிருமி எண்ணிக்கைக்கு இடமே கிடையாது. ஆற்றுக்கு அது போதும் என்று வைத்துக்கொண்டாலும், உங்கள் பிள்ளை கைவிட்டு விளையாடக்கூடிய குழாய்க்குப் போதாது. மலக் கிருமி இருக்கிறதா என்று காட்டும் ஈ. கோலை சோதனை முடிவைத் தனியாகக் கேட்க வேண்டும். கலங்கல் அளவையும் கேட்க வேண்டும், ஏனென்றால் தண்ணீர் கலங்கியிருந்தால் புற ஊதா ஒளி கிருமியைப் போய்த் தொடாது.

இனி குழாய்க்கு வருகிறேன். உங்கள் வீட்டில் எல்லாரும் கவனமாகக் கேட்க வேண்டியது இதைத்தான்.

நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரத்தையொட்டி லெய்ட்ஷ ரெய்ன் என்று ஒரு பெரிய புது வீடமைப்புப் பகுதி. அங்கேயும் வீட்டுக்கு இரண்டு குழாய் போட்டார்கள். இரண்டாவது குழாயில் ஓடியது கழிவுநீர்கூட இல்லை, அரைகுறையாகச் சுத்திகரித்த ஆற்று நீர். 2001 கடைசியில் இரண்டு வலையும் ஓரிடத்தில் தெரியாமல் இணைந்துவிட்டன. குடிநீர்க் குழாயில் அந்தத் தண்ணீர் ஏறியது, பகுதியில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பரவியது. 2003இல் அந்த நாட்டு அரசாங்கம் வீடுகளுக்குப் பெரிய அளவில் இரட்டைக் குழாய் போடும் யோசனையையே கைவிட்டது. நெதர்லாந்துக்காரர்கள் தண்ணீர் வேலையில் சோடை போனவர்கள் இல்லை. அவர்களுக்கே அப்படி.

சிட்னியின் ரவுஸ் ஹில் பகுதியில் 2001இலிருந்து இதே முறை ஓடுகிறது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே மறுசுழற்சித் தண்ணீர்க் குழாய்க்கு ஊதா நிறம், குழாய்முனைக்கும் ஊதா நிறம், பக்கத்தில் "குடிக்காதே" என்று பலகை. அவ்வளவு செய்தும் சில வீடுகளில் தப்பான இணைப்புகள் அகப்பட்டன. ஆக, நிறம் பூசியதோடு வேலை முடிவதில்லை. சோதிக்க வேண்டும், திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு சங்கதி இருக்கிறது, வெளிநாட்டு வடிவமைப்பில் அது வராது. நம் கழிப்பறைகளில் கழுவிக்கொள்ள ஒரு கைப்பீச்சுக் குழாய் மாட்டியிருக்கிறோம் இல்லையா? அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று இப்போது உங்கள் வாடகை வீட்டிலேயே குனிந்து பாருங்கள். ஃபிளஷ் தொட்டிக்குப் போகும் சிறு வால்வில் ஒரு T வடிவ இணைப்புப் போட்டு, ஒரு கிளை தொட்டிக்கும் ஒரு கிளை பீச்சுக்கும் போகும். நம் பிளம்பர்கள் காலங்காலமாக இப்படித்தான் பூட்டுகிறார்கள். புது வீட்டில் ஃபிளஷ் தொட்டிக்கு மறுசுழற்சித் தண்ணீர் வருகிறது என்றால், அதே வால்வில் பீச்சை இணைத்தால் என்ன ஆகும்? பிள்ளையை நீங்கள் கழுவிவிடுவது அந்தத் தண்ணீரில்தான். வடிவமைப்பில் பீச்சுக்குத் தனியாகக் குடிநீர் முனை வைத்திருப்பார்கள் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு வருடம் கழித்துப் பீச்சு ஒழுகுகிறது, நீங்கள் ஒரு ஆளைக் கூப்பிடுகிறீர்கள். அவருக்கு அந்தக் கட்டடத்தின் கதை தெரியாது. பக்கத்தில் கைக்கு எட்டும் வால்வில் பூட்டிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார். எனக்கு நிலையத்தின் சவ்வைவிட அந்த ஆளைப் பற்றித்தான் கவலை அதிகம்.

அதனால் வரைபடத்தில் கழிப்பறைப் பகுதியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பீச்சுக்கு எந்தக் குழாய்? இரண்டு குழாயும் ஒரே நிறமா? நிறம் வேறு என்றால், சுவருக்குள் புதைந்த பகுதியிலும் அப்படியா, வெளியே தெரியும் நுனியில் மட்டுமா? இரண்டுக்கும் வேறு வேறு அளவு இணைப்பு வைத்தால் தப்பாகப் பூட்டவே முடியாது. அப்படிச் செய்திருக்கிறார்களா? குடிநீர்க் குழாயின் அழுத்தம் மற்றதைவிட எப்போதும் அதிகமாக இருக்கிறதா? இருந்தால், எங்காவது தப்பான இணைப்பு நேர்ந்தாலும் குடிநீர் அந்தப் பக்கம் போகுமே தவிர, அந்தத் தண்ணீர் இந்தப் பக்கம் சுலபத்தில் வராது.

சாவி வாங்கும் நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி நீங்களே ஒரு சோதனை செய்யலாம். கருவி எதுவும் வேண்டாம். குடிநீர் மீட்டர் பக்கத்தில் இருக்கும் வால்வை மூடுங்கள். பிறகு சமையலறை, ஷவர், முகம் கழுவும் தொட்டி, சலவை இயந்திரத்துக்கான முனை, கைப்பீச்சு எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். குழாயில் தங்கிய தண்ணீர் வடியச் சில நிமிடம் ஆகும். வடிந்த பிறகு ஒரு சொட்டுக்கூட வரக்கூடாது. ஃபிளஷ் தொட்டி மட்டும் நிரம்ப வேண்டும். பிறகு குடிநீரைத் திறந்து, மறுசுழற்சித் தண்ணீர் வால்வை மூடிவிட்டு ஃபிளஷ் செய்யுங்கள். இப்போது தொட்டி நிரம்பக் கூடாது, மற்ற எல்லாக் குழாயிலும் தண்ணீர் வர வேண்டும். எங்காவது கணக்கு இடித்தால் சாவி ரசீதில் கையெழுத்துப் போடுவதற்கு முன் எழுதிக் கொடுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். புதுக் கட்டடத்தில் முதல் சில மாதம் இரண்டாவது குழாயிலும் குடிநீரைத்தான் ஓட விடுவார்கள். காரணம் எளிது: குடிவந்தவர்கள் குறைவு, கழிவுநீர் போதாது, நுண்ணுயிர்த் தொட்டிக்குத் தீனி இல்லை, நிலையம் ஓடாது. அந்தக் காலத்தில் குழாய் மாறியிருந்தாலும் யாருக்கும் வயிறு வலிக்காது, யாருக்கும் தெரியவும் தெரியாது. உண்மையான மறுசுழற்சித் தண்ணீர் திறந்துவிடப்படும் நாளை நிர்வாகம் முன்கூட்டி அறிவிக்க வேண்டும். அன்றைக்கு இந்தச் சோதனையை மறுபடி செய்யுங்கள். வீட்டில் கழிப்பறையையோ சமையலறையையோ உடைத்துப் புதுப்பித்தால் அதன் பிறகும் செய்யுங்கள்.

இப்போது தண்ணீர்த் தடை. "தடை வந்தாலும் கவலை இல்லை" என்ற வாக்கியத்தில்தான் எனக்குச் சிரிப்பு வந்தது.

2020 செப்டம்பரில் என்ன நடந்தது? ரவாங் பக்கம் சுங்கை கோங்கில் கலந்த கழிவு சிலாங்கூர் ஆற்றை வந்தடைந்தது. நான்கு குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் வறண்டன. நீங்கள் பத்தாவது மாடிக்கு வாளி தூக்கினீர்கள். இப்போது அதே நிலைமையை இந்தப் புது அடுக்குமாடியில் வைத்துப் பாருங்கள். குடிநீர் வரவில்லை. யாரும் குளிக்கவில்லை, துணி துவைக்கவில்லை, பாத்திரத்தை ஈரத்துணியால் துடைத்து வைக்கிறீர்கள். அப்படியானால் கழிவுநீர் எங்கிருந்து வரும்? கழிவுநீர் வராவிட்டால் சுத்திகரித்துத் தர என்ன இருக்கிறது? கட்டடத்தின் சொந்தக் கழிவுநீரை மட்டும் நம்பிய நிலையம், தடை வந்த மறுநாளே தானும் வற்றத் தொடங்கும். சேமிப்புத் தொட்டியில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் பாக்கி.

சிலர் குளியல், சலவைத் தண்ணீரை மட்டும் எடுத்துச் சுத்திகரிப்பார்கள். கழிப்பறைக் கழிவைச் சேர்க்க மாட்டார்கள். மாமியாருக்கு அது மனநிம்மதியைத் தரும் என்பது உண்மைதான். ஆனால் தடைக் காலத்தில் முதலில் நிற்பதே குளியலும் சலவையும்தான். தவிர, அந்தத் தண்ணீரைச் சுத்திகரிக்காமல் ஒரு நாளுக்கு மேல் தேக்கினால் நம் ஊர் வெயிலுக்கு நாறிவிடும்.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி, "தடை வந்தால் தண்ணீர் வருமா?" என்பதல்ல. "குடிநீர் அறவே நின்றால், உங்கள் சேமிப்பில் இருப்பது எத்தனை வீட்டுக்கு எத்தனை நாள் ஃபிளஷ் செய்யப் போதும்?" என்று கேளுங்கள். ஒன்றரை நாள் என்று ஒழுங்காகக் கணக்குக் காட்டினால் அந்த மேம்பாட்டாளர் நேர்மையானவர். அதுவும் சும்மா இல்லை. தடை நாளில் கழிப்பறைக்கு வாளி தூக்க வேண்டாம் என்பது பத்தாவது மாடிக்காரருக்குப் பெரிய விஷயம். ஆனால் சோறாக்கவும் குடிக்கவும் அப்போதும் லோரித் தண்ணீர்தான்.

பில் குறையுமா என்று கேட்டீர்கள். கணக்குப் போடுவோம். நான்கு பேர், ஆளுக்கு ஐந்து தடவை, தடவைக்கு 6 லிட்டர். நாளைக்கு 120 லிட்டர், மாதத்துக்கு 3.6 கன மீட்டர். 2024 பிப்ரவரியில் கட்டணத்தை ஏற்றியபோது, முதல் 20 கன மீட்டர் வரை கன மீட்டருக்கு 65 சென் என்று வைத்தார்கள். அந்தக் கணக்கில் பாருங்கள். மிச்சம் 2 வெள்ளி 34 சென். ஒரு தே தாரிக் காசு. கட்டணம் அதன் பிறகு இன்னும் ஏறியிருந்தாலும், உங்கள் பயன்பாடு மேல் படியில் விழுந்தாலும், சில வெள்ளிக்கு மேல் போகாது. மறுபக்கம், அந்த நிலையத்துக்கு மின்சாரம், குளோரின், விளக்கு மாற்று, சோதனைக்கூடச் செலவு, சில வருடத்துக்கு ஒரு தடவை சவ்வு மாற்றும் செலவு எல்லாம் உண்டு. அவ்வளவும் பராமரிப்புக் கட்டணத்தில்தான் வந்து விழும். பணம் மிச்சம் என்று யாராவது சொன்னால் புன்னகையோடு கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு ஏன் இதைச் செய்கிறார்கள்? சிலர் பசுமைக் கட்டடக் குறியீட்டில் புள்ளி வாங்கச் செய்கிறார்கள். சிலர் உண்மையான நெருக்கடியால் செய்கிறார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கின் தண்ணீருக்கு நாம் எவ்வளவு தூரம் போயிருக்கிறோம் பாருங்கள். பகாங்கின் செமந்தான் ஆற்றிலிருந்து தித்திவாங்சா மலைத்தொடரைக் குடைந்து 44.6 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் போட்டு லங்காட் 2 குடிநீர் நிலையத்துக்குக் கொண்டுவருகிறோம். அதற்கு மேல் இன்னொரு மலையைக் குடைவதைவிட, ஏற்கெனவே நகரத்துக்குள் வந்துவிட்ட தண்ணீரை இரண்டாம் முறை பயன்படுத்துவது புத்திசாலித்தனம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் எங்கே பயன்படுத்துவது என்பதில் எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு, சொல்லிவிடுகிறேன். பந்தாய் டாலாமில் பூமிக்கடியில் இருக்கும் பந்தாய் 2 நிலையம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். மேலே பூங்கா, அதில் ஆட்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள், கீழே நகரத்தின் கழிவுநீர் சுத்தமாகிக்கொண்டிருக்கும். ஏறக்குறைய 14 லட்சம் பேருக்கான கொள்ளளவு. ஆளுக்கு நாளைக்கு 225 லிட்டர் என்பது நம் நாட்டு வடிவமைப்புக் கணக்கு. பெருக்கினால் நாளைக்கு ஏறக்குறைய 32 கோடி லிட்டர். இந்த மாதிரி ஒரு பெரிய நிலையத்தின் வாசலில் இன்னும் ஒரு கட்டம் சேர்த்துத் தொழிற்சாலைகளுக்கும் குளிரூட்டும் கோபுரங்களுக்கும் கொடுத்தால், அவர்கள் இன்று இழுக்கும் குடிநீர் அப்படியே வீடுகளுக்கு மிஞ்சும். புது வீடமைப்புக்கு அதைவிட நல்ல பாதுகாப்பு எது? சென்னை அதைத்தான் செய்தது. 2019இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா நாளைக்கு 4.5 கோடி லிட்டர் அளவில் ஆர்.ஓ. நிலையம் அமைத்துத் தொழிற்பேட்டைகளுக்கு அனுப்பியது. இங்கேயும் குடிநீர் தரும் ஆயர் சிலாங்கூரும் கழிவுநீரைக் கவனிக்கும் இண்டா வாட்டரும் கூட்டாக ஒரு நிறுவனம் தொடங்கி அந்த வழியில்தான் போகின்றன. ஒரு வாடிக்கையாளர், ஒரு குழாய், இருபத்து நான்கு மணி நேரமும் கவனிக்க ஆள். அடுக்குமாடிக்கு ஒன்று என்று நூறு குட்டி நிலையங்களை வைத்து, நூறு நிர்வாகக் குழுக்களிடம் ஒப்படைப்பதைவிட இது எவ்வளவோ மேல். அதோடு, நாடு முழுக்கச் சுத்திகரித்த குடிநீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஒழுக்காகவும் திருட்டாகவும் பழுதான மீட்டராகவும் கணக்கில் வராமல் போகிறது. பழைய குழாயை மாற்றும் வேலையை யாரும் விளம்பரத் தாளில் போடுவதில்லை.

சரி, உங்கள் கட்டடத்துக்குத் திரும்புவோம். இந்த நிலையத்தின் சொந்தக்காரர் யார்? பொதுக் கழிவுநீர் நிலையம் என்றால் கட்டி முடித்ததும் இண்டா வாட்டர் பொறுப்பேற்கும். கட்டடத்துக்குள் இருக்கும் தனியார் நிலையம் என்றால் அது கடைசியில் உங்கள் தலையில்தான், அதாவது கூட்டு நிர்வாகக் குழுவின் தலையில். சாவி கொடுத்த நாளிலிருந்து 24 மாதம் குறைபாடுகளைச் சரிசெய்ய மேம்பாட்டாளருக்குக் கடமை உண்டு. சவ்வு பொதுவாக அந்த 24 மாதத்தைத் தாண்டித்தான் தகராறு செய்யும். பராமரிப்புக் கட்டணத்துக்கு மேல், அதில் 10 விழுக்காட்டைச் சேமநிதிக்கும் கட்டுவீர்கள். லிஃப்ட், சாயம், கூரை என்று எல்லாமே அந்த நிதியைப் பார்த்துத்தான் காத்திருக்கும். அந்த வரிசையில் சவ்வையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

நான் போய்ப் பார்த்த ஒரு அடுக்குமாடியில், அடித்தளக் கார் நிறுத்துமிடத்தில் பூட்டிய கதவுக்குப் பின்னால் நிலையம் இருந்தது. காற்றூட்டி நின்றிருந்தது. மின்கட்டணத்தை மிச்சப்படுத்த நிர்வாகமே நிறுத்தியிருக்கிறது. பதிவேட்டில் கடைசிச் சோதனையின் தேதியைப் பார்க்கவே தூசியைத் துடைக்க வேண்டியிருந்தது. குடியிருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் இரண்டாவது குழாயில் குடிநீரைத் திருப்பிவிட்டிருந்தார்கள். ஒருவகையில் அது பாதுகாப்பான முடிவுதான். ஆனால் கட்டும்போது கொடுத்த காசு போனது போனதுதான்.

அப்படித் திருப்பிவிடும் ஏற்பாட்டிலும் ஒன்று கவனிக்க வேண்டும். மறுசுழற்சித் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் குடிநீரை ஊற்றி நிரப்ப ஒரு வழி வைத்திருப்பார்கள். அந்தக் குடிநீர்க் குழாயின் வாய் தொட்டியின் நீர்மட்டத்தைத் தொடாமல், நடுவில் வெறும் காற்று இடைவெளி விட்டு மேலே நிற்க வேண்டும். குழாயை நேராக இணைத்து, இடையில் ஒரு தடுப்பு வால்வு மட்டும் போட்டிருந்தால் எனக்குத் திருப்தி இல்லை. வால்வு தேயும், இடைவெளி தேயாது.

கையெழுத்துக்கு முன் விற்பனை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள், சாரம் இப்படி இருக்கட்டும்:

"மறுசுழற்சித் தண்ணீர் நிலையம் எந்தக் கழிவுநீரை எடுக்கிறது, என்னென்ன கட்டம் இருக்கிறது, ஈ. கோலைக்கும் கலங்கலுக்கும் நீங்கள் உறுதியளிக்கும் அளவு என்ன, யார் எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதிப்பார்கள், முடிவுகளைக் குடியிருப்போர் பார்க்க முடியுமா? கழிப்பறைக் கைப்பீச்சுக்கு எந்தக் குழாய்? ஒவ்வொரு வீட்டிலும் தப்பான இணைப்புச் சோதனை செய்து சான்று தருவீர்களா? முதல் பத்து வருடத்துக்கான இயக்கச் செலவு, சவ்வு மாற்றும் செலவு மதிப்பீடு பராமரிப்புக் கட்டணத்தில் சேர்ந்திருக்கிறதா? நிலையம் நின்றால் தண்ணீர் எங்கிருந்து வரும், அந்த இணைப்பில் காற்று இடைவெளி இருக்கிறதா?"

பதில் வந்தால் அதை அச்செடுத்து வழக்கறிஞரிடம் கொடுத்து, ஒப்பந்தத்தோடு இணைக்க முடியுமா என்று கேளுங்கள். வீட்டு ஒப்பந்தத்தின் வாசகம் சட்டத்தில் வகுத்தது, இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. ஆனால் தனிக் கடிதமாக உறுதி வாங்கி வைத்துக்கொள்வதற்குத் தடை இல்லை. பொறியாளரோடு பேச நேரம் கொடுத்தால் போங்கள். "எல்லாம் டாப் கிளாஸ், கவலைப்படாதீங்க மேடம்" என்று மட்டும் பதில் வந்தால், அவர்களே இன்னும் யோசித்து முடிக்கவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் நானாக இருந்தால் இரண்டு வாரத்தை நான்கு வாரமாக நீட்டக் கேட்பேன்.

பிள்ளையைப் பற்றி: கழிப்பறைத் தொட்டியில் இருக்கும் தண்ணீரில் பிள்ளை கைவிடுவது எந்த வீட்டிலும் கூடாதுதான், அதற்குப் புதுக் கவலை வேண்டாம். கார் நிறுத்துமிடத்தில் இருக்கும் குழாயில்தான் கண் வைக்க வேண்டும். வெயில் நேரத்தில் பிள்ளைகள் அங்கே ரப்பர் குழாயைப் பிடித்து விளையாடுவார்கள், தாகத்துக்கு வாய் வைப்பார்கள். அங்கே சாவி போட்டுத் திறக்கும் குழாய்முனை வேண்டும் என்று முதல் பொதுக்கூட்டத்திலேயே கேளுங்கள். உயர் அழுத்தத்தில் பீய்ச்சிக் கார் கழுவுவதற்கு இந்தத் தண்ணீரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அந்த நுண்துளிகள் மூச்சோடு உள்ளே போகும், வீட்டில் வயதானவர் வேறு இருக்கிறார். வாளியும் துணியும் போதும்.

மாமியாருக்கு ஒரே ஒரு ஏற்பாடு. சாமி அறைக்கும் சமையலுக்கும் தண்ணீர் பிடிக்கும் குழாய் எது என்று, மேலே சொன்ன சோதனையின்போது அவரையும் பக்கத்தில் நிற்க வையுங்கள். வால்வை மூடும்போது எது நிற்கிறது, எது ஓடுகிறது என்று அவரே கண்ணால் பார்க்கட்டும். நான் இத்தனை பத்தி எழுதிச் சொல்வதைவிட அது அவருக்குச் சீக்கிரம் புரியும். பால்கனியில் துளசி வைத்தால் அதற்குக் குடிநீரையே ஊற்றட்டும், ஒரு சொம்பில் என்ன வந்துவிடப் போகிறது. மல்லிகைக்கும் செம்பருத்திக்கும் மறுசுழற்சித் தண்ணீர் தாராளம். கறிவேப்பிலைக்கும் ஊற்றலாம், இலையில் படாமல் வேரில் ஊற்றுங்கள், எப்படியும் தாளிக்கத்தானே போகிறீர்கள். புதினா, கொத்தமல்லி மாதிரிப் பச்சையாகச் சாப்பிடும் எதற்கும் வேண்டாம்.